ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் எட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டாம் எண் தடத்தில் பதினோரு வருடம் வண்டி ஓட்டியதால் வந்த பெயர். வயது முப்பத்தொன்பது. குறுகலான திருப்பத்திலும் பெரிய வண்டியை ஒரே ஒடிப்பில் திருப்பிவிடுவாள். குறுக்கே வருகிறவர்களை வாய் ஓயாமல் திட்டுவாள். திட்டி முடித்த கையோடு வழியும் விடுவாள். கணவன் தையல்காரன். வீட்டு முன்னறையிலேயே இயந்திரம் போட்டிருந்தான். அளவு எடுக்கும்போதுகூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள்.

ஒரு நாள் காலை வண்டி எடுப்பதற்கு முன் அவள் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பேருந்து கைப்பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டது. அவள் நிமிர்வதற்குள் இடது கால், முழங்காலுக்குக் கீழே, பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

முதலில் போன மருத்துவமனையில் எலும்புக்குள் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். மேலே தோல் மூடும். பத்து நாளில் ஏதாவது ஓர் ஓரத்தில் சீழ் எட்டிப் பார்க்கும். ஏழு மாதம் இதே கதை. பிறகு வேறொரு மருத்துவமனையில் எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனார்கள். குரலை உயர்த்தாமல் பேசும் பெண்மணி. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏழு சென்டிமீட்டர் எலும்பு செத்துப்போச்சும்மா. அதை எடுத்தே ஆகணும். எடுத்தா அங்க வெறும் இடைவெளிதான் இருக்கும். காலையே எடுத்துட்டா நாலஞ்சு மாசத்துல செயற்கைக் கால் போட்டு நடந்துடலாம். காலைக் காப்பாத்தணும்னா ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். நல்லா வலிக்கும். கடைசியில கண்டிப்பா சேரும்னு என்னால சொல்ல முடியாது."

எதைச் செய்தால் மறுபடி வண்டி ஓட்டலாம் என்று மட்டும் அவள் கேட்டாள். அதற்கும் தன்னிடம் உறுதியான பதில் இல்லை என்றார் டாக்டர். வீட்டில் நாத்தனார், காலை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும்படி சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சீழ்த்துணியை ஏழு மாதம் துவைத்தவள் அவள்தான்.  மூன்றாம் நாள் எட்டக்கா டாக்டரிடம் போய், கால் இருக்கட்டும் என்றாள்.

செத்த எலும்பை வெட்டி எடுத்தார்கள். காலைச் சுற்றி உலோக வளையங்களைப் பொருத்தி, தோலைத் துளைத்துப் போகும் மெல்லிய கம்பிகளால் எலும்போடு பிணைத்தார்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, நல்ல எலும்பில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே வெட்டினார்கள். அப்படிப் பிரிந்த துண்டை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நகர்த்த வேண்டும். துண்டு நகர நகர அதன் பின்னால் புது எலும்பு வளரும். முன்னால் இடைவெளி குறையும். நகர்த்துவது வீட்டு வேலை. வளையத்தைத் தாங்கும் நட்டுகளை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால்வாசிச் சுற்று திருகினால், நான்கு தடவையில் ஒரு மில்லிமீட்டர்.

அந்த வேலையைக் கணவன் எடுத்துக்கொண்டான். ரத்தத்தைக் கண்டாலே தலைசுற்றுகிறவன் கம்பி நுழையும் ஒவ்வொரு இடத்தையும் உப்புநீரால் துடைத்தான். வளையங்களுக்கு மேல் போட்டுக்கொள்ள, பக்கவாட்டில் முழுக்கத் திறந்து பட்டன் வைத்த பாவாடை நான்கு தைத்தான். இரும்புக்கு அளவெடுத்துத் துணி தைத்த முதல் ஆள் நீங்கள்தான் என்று அவள் சொன்னதற்கு, இரும்பு குறைந்தபட்சம் இளைப்பதுமில்லை, பருப்பதுமில்லை என்றான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய பேச்சு.

திருகிய ஒவ்வொரு தடவையும், உள்ளேயிருந்து யாரோ காலைப் பிடித்து இழுப்பதுபோல் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

முப்பது நாள் கழிந்திருக்கும். வெளிச்சத்துக்காகக் கட்டிலைத் திருப்பி ஜன்னலோரம் போட்டார்கள். அதற்கு முன் தலைமாட்டுப் பக்கம் நின்று திருகியவன், அப்போதிலிருந்து கால்மாட்டில் உட்கார்ந்து திருகினான். அடுத்த வாரம் டாக்டர் படத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு வீட்டில் செய்வதுபோல் ஒரு தடவை திருகிக் காட்டச் சொன்னார். அவன் ஸ்பானரை வைத்ததுமே கையைப் பிடித்து நிறுத்தினார்.

உட்காரும் பக்கம் மாறியதில், நான்கு நாளாக எதிர்த்திசையில் திருகியிருந்தான். நகர்ந்த எலும்பு நான்கு மில்லிமீட்டர் திரும்பிப் போயிருந்தது. 

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்," என்றாள் அவள். "நாலு நாளா வலி குறைஞ்சிருந்துச்சு. எங்கயோ தப்பு நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா மறுபடி வலிக்குமேன்னு சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் யாரையும் திட்டவில்லை. பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, எட்டு நாள் கூடும், அவ்வளவுதான் என்றார்.

 வீட்டுக்கு வந்ததும் அவன் தையல் சாக்பீஸால் ஒவ்வொரு நட்டுக்குப் பக்கத்திலும் அம்புக்குறி போட்டான். ஸ்பானரை அவள் கையில் கொடுத்தான்.

"இனிமே நீயே திருகு. எந்தப் பக்கம் வலிக்குதோ அதான் சரியான பக்கம்னு உனக்குத் தெரியுது. எனக்கு அது தெரியாது."

கோபமா என்று அவள் கேட்டாள். கோபமில்லை என்றான், தான் வலிக்க வைப்பதாக நினைத்து நினைத்து இத்தனை நாளும் சோறு இறங்கவில்லை என்றான். அவளுக்கு அது புதுச் செய்தி. அன்று முதல் அவள் திருகினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான். தன் கையால் தனக்கு வலிக்க வைப்பது முதல் இரண்டு நாள் முடியவே முடியாது போலிருந்தது. பிறகு பழகியது. வலி குறையவில்லை.

துண்டு கீழே போய் முட்டியபின்னும் சேர மறுத்தது. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அந்த முட்டிய இடத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பிடித்தது. பதினாலாவது மாதம் வளையங்களைக் கழற்றினார்கள். மெலிந்து, வரிவரியாகத் தழும்போடு கிடந்த காலைப் பார்த்து, இது யாருடையது என்று அவள் கேட்டதில் நர்ஸ் சிரித்துவிட்டாள்.

கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை. இடது செருப்புக்கு அடியில் ஒரு பட்டை வைத்தாள். கணுக்கால் முழுதாக மடங்கவில்லை. உடல்தகுதிச் சோதனையில் இடது காலால் கிளச்சை அமுக்கிப் பிடிக்கச் சொன்னபோது கால் நடுங்கியது, தேறவில்லை. பணிமனையில் நேர அட்டவணை எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள். ஒன்றரை வருடம் மற்றவர்களின் வண்டி நேரங்களை எழுதினாள். யாரிடமும் அலுத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதற்கில்லை, தினமும் அலுத்துக்கொண்டாள்.

பிறகு கிளச் இல்லாத வண்டிகள் சில வந்தன. அவள் அன்றைக்கே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். இந்தத் தடவை தேறினாள்.

முதல் நாள், வலது காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். இடது காலுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இருக்கையைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைத் திருப்பி, பின்னால் நின்ற ஆளைத் தள்ளிப் போகச் சொல்லி ஒரு சத்தம் போட்டாள்.