குமுதா வீட்டு அமைதி

கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசையிலேயே சத்தம் இல்லாத வீடு குமுதாவுடையது. வருகிறவர்கள் எல்லாம், "இங்க வந்து உக்காந்தாலே மனசு அடங்குது" என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அடுத்த வீட்டுக்காரி, கெர்ட்ரூட். நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர்தான். அந்த அமைதியை அவள் என்ன விலை கொடுத்து வாங்கினாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய ஒரே மகன் லோகன். தெலுக் பங்லிமா காராங்கில் ஃபேக்டரி வேலை. ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது மழையில் சறுக்கி விழுந்தான். வீட்டுக்கு உடம்புதான் வந்தது. அதற்கு முன்பே அவன் அப்பா அய்யாவு அண்ணனுக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டியவர், ஒரு தடவை போன சந்து பொந்தைக்கூட மறக்காத மனிதர். மகன் செத்ததை மட்டும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஹாலில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைக் காலையில் பார்ப்பார். "இவனுக்கு ஏன் மாலை போட்டிருக்க?" என்று கேட்பார். குமுதா சொல்லுவாள். அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார். சாயங்காலத்துக்குள் மறந்துபோவார். மறுநாள் மறுபடியும் படம், மறுபடியும் கேள்வி. ஒரு தாய்க்கு மகன் ஒரு தடவை செத்தால் போதாதா?

கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸிதான் யோசனை சொன்னது. "வீட்ட அமைதியா வெச்சிக்குங்க ஆன்டி. அவர கலக்குற சாமான் எதுவும் கண்ணுல படக்கூடாது." குமுதா லிட்டில் இந்தியா கடைத்தெருவில் பார்த்த தையல் கடை வேலையை விட்டுவிட்டு அதையே முழு வேலையாக எடுத்துக்கொண்டாள். படம் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் போனது. டிவி செய்தி நின்றது. அவர் திடுக்கிடுகிறார் என்று வாசல் கேட்டில் இருந்த மணியையும் கழற்றினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அவள் அதையும் மூடினாள். உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "லோகன் பேச்சு எடுத்துராதீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வாள். அண்ணன் கேட்டால், "வேலைக்குப் போயிருக்கான்" என்பாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போர்ச்சில் நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அவருக்கு நிம்மதி கிடைத்தது.

அவள் அழுவதற்குத்தான் வீட்டில் இடம் இல்லை. என் வீட்டுச் சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். முகம் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பிப் போவாள். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "முழுப் பூசணிக்காய சோத்துல எத்தனை நாளைக்கு மறைப்ப?"

"அவரு தூங்குறாரு அக்கா. அது போதும்லா" என்றாள்.

முதல் வருடத் திதியை அண்ணன் கண்ணில் படாமல் பூச்சோங்கில் தன் தம்பி வீட்டில் வைத்துச் செய்தாள். போய் வந்ததிலிருந்து அவளுக்கு மனசே ஆறவில்லை. "பிள்ளைக்கு அந்த வீடு பழக்கமே இல்லக்கா. வழி தெரியாம இங்க வந்து நின்னிருப்பான். இங்க இலை இல்ல, வெளக்கு இல்ல. பசியோட போயிருப்பான்" என்று புலம்பினாள். நான் வேதக்காரி, மாதா கோயிலில் பூசைக்குப் பேர் கொடுத்தால் எங்களுக்கு முடிந்தது. இருந்தாலும் பசியோடு போன பிள்ளை என்றதும் நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன்.

அதனால் இந்த வருடம் வீட்டிலேயே படையல் என்று முடிவானது. அண்ணனைக் கடையில் தேத்தண்ணி குடிக்கக் காரில் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. அன்றைக்குப் பார்த்து மனிதர் நாற்காலியைவிட்டு அசையவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். கடைசியில் நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அவர் உள்ளே போகாதபடி ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உள்ளே கோழிப் பெரட்டல் வாசனை வந்தது. லோகனுக்கு மீ கோரேங் நூடல்ஸ் என்றால் உயிர், அதையும் கிண்டினாள். ஐஸ் போட்ட மைலோ கலக்கினாள். அலமாரியிலிருந்து படத்தை எடுத்துத் துடைத்து, மாலை போட்டு, முன்னால் இலை விரித்தாள். எல்லாம் எனக்கு ஜன்னல் வழியே தெரிந்தது. படைத்த பிறகு வீட்டில் யாரும் இருக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். இறந்தவர் வந்து சாப்பிடுவார். உயிரோடு இருக்கிறவர்கள் பார்க்கக்கூடாது. குமுதா கற்பூரம் காட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் நின்றாள்.

அண்ணன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். ஏன் சாத்தினாய் என்று கேட்டால் என்ன பொய் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் போனது. அதற்கு மேல் குமுதாவால் நிற்க முடியவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"சட்டுன்னு தொறக்காத குமுதா" என்றார் அண்ணன். "தட்டிட்டுத் தொற. பிள்ள சாப்பிட்டுக்கிட்டு இருப்பான்."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"படத்துக்கு மாலை போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டேங்க."

"நல்லது" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் அவருக்குத் தெரிந்ததா, எல்லா நாளும் தெரிந்துதான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாரா, எனக்குத் தெரியாது. குமுதா அவர் காலடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என் குழாய்ச் சத்தம் இல்லாமல் அவள் அழுது நான் கேட்டது அன்றுதான். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே தானும் அழுதார். எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் முறைத்த முறைப்பில் உள்ளே போய்விட்டார்கள்.

அப்புறம் அவர் அவள் தோளைப் பிடித்து எழுந்தார். இருவரும் கதவருகே போனார்கள். குமுதா மெதுவாகத் தட்டினாள். தட்டிவிட்டு இரண்டு பேரும் திறக்காமல், உள்ளேயிருந்து பதில் வரும் என்பதுபோல் காத்துக்கொண்டு நின்றார்கள்.