கெமிஸ்ட்ரி பாகவதர்

ஊசி பதிந்ததும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சடசடப்பு எழும். அது அடங்குவதற்குள் அடித்தொண்டையில் பாடும் ஒரு பெரிய பிடில், கேட்கிறவர் நெஞ்சைப் பிசைகிற மாதிரி ஒரு மெட்டைத் தொடங்கிவிடும். திருவனந்தபுரம் கோட்டைக்குள், அக்ரஹாரத்து வீடுகளில் கீர்த்தனையைத் தவிர வேறெதுவும் கேட்காத காலத்தில், எங்கள் வீட்டு கிராமபோனில் மட்டும் அதற்கும் முந்தைய நூற்றாண்டு ருஷ்யாக்காரர் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்.

அப்பா கல்லூரியில் கெமிஸ்ட்ரி லெக்சரர். மாஸ்கோவுக்குப் போய்வந்த எக்கனாமிக்ஸ் ஸார்தான் அந்த ரிக்கார்டைக் கொடுத்தார். அதன்மேல் இருந்த ருஷ்ய எழுத்து யாருக்கும் புரியவில்லை. ஆனால் அந்த இசைமேதைக்குத் தொழில் கெமிஸ்ட்ரி கற்பிப்பது என்று தெரிந்ததிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆள் நம்ம கூட்டமாக்கும்!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி, அவருக்குக் "கெமிஸ்ட்ரி பாகவதர்" என்று பட்டமும் சூட்டிவிட்டார். லாபரட்டரியும் மாணவர்களும் வீடு நிறைய உறவுக்காரர்களுமாக அந்த மனிதருக்கு ஓய்வே கிடையாதாம்; உடம்புக்கு முடியாமல் படுத்தால்தான் பாட்டு எழுதுவாராம்; அதனால் நண்பர்கள், உனக்குச் சீக்கிரம் உடம்புக்கு வரட்டும் என்று வாழ்த்துவார்களாம். இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், நன்றாக வயலின் வாசிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வயலின் நவராத்திரிக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும். நாலு பேர் முன்னால் ஒருதரமாவது வாசிக்க வேண்டும் என்ற ஆசையை அவள் மறைத்ததில்லை. வீட்டை ஆண்ட அத்தை, அப்பாவின் அக்கா, அதற்கு இடம் கொடுத்ததுமில்லை. கல்லூரியின் கெமிஸ்ட்ரி சங்க ஆண்டு விழாவில் தான் ருஷ்யாக்காரரைப் பற்றிப் பேசப்போவதாகவும், அவர் மெட்டை அம்மா வாசிக்கவேண்டும் என்றும் அப்பா சொன்னபோது, "குடும்பத்துப் பொண்ணுக்கு மேடை எதுக்காக்கும்?" என்றாள் அத்தை. அக்கா சொல்லைத் தட்டியே அறியாத அப்பா, அன்று, "அவ வாசிப்பா, நீயும் வந்து கேளு" என்று சொல்லிவிட்டார்.

சொல்லிவிட்டாரே தவிர, அம்மாவுக்கு உட்கார்ந்து கேட்க நேரம் ஏது? விடிந்தால் அடுக்களை, பொழுது சாய்ந்தால் அடுக்களை. அப்போதுதான் அவள் "தூரம்" ஆனாள். மாதத்தில் மூன்று நாள் பெண்கள் எதையும் தொடாமல் பின்கட்டு அறையில் தனியாக இருக்கும் வழக்கம் அது. வயலினையும் தொடக்கூடாது, காதுக்கு யார் தடை போட முடியும்? நான் ரேழியில் கிராமபோனுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருப்பேன்; அவள் உள்ளிருந்து, "இன்னொருக்கா போடுடீ, சங்கராபரணத்துக்குக் கிட்டே வரது" என்பாள். மறுபக்கத்தையும் ஒருதரம் திருப்பிப் போட்டோம். "அது வேறே பாட்டு, பின்னே பாத்துக்கலாம்" என்றாள். எங்கள் ரிக்கார்டுகளிலெல்லாம் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுதான். நான்காம் நாள் தலைக்குக் குளித்து வந்து வில்லை எடுத்தவள், ஒரு சுரம் பிசகாமல் வாசித்தாள்.

விழாவன்று அம்மா மேடையில் பாய் விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தாள். ரிக்கார்டு நின்ற இடத்தில் அவள் நிற்கவில்லை. அந்த மெட்டைக் கையோடு பிடித்துக்கொண்டுபோய், விரித்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கி முடித்தாள். மண்டபமே கைதட்டியது. எக்கனாமிக்ஸ் ஸார் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, பாட்டின் மிச்சம் மறுபக்கத்தில் இருக்கிறதே என்றார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தை என்ன சொல்வாளோ என்று நான் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா பதறவேயில்லை. "பாவம், மனுஷருக்கு சமயம் கிட்டியிருக்காது, பாதியிலே விட்டுட்டார்னாக்கும் நான் நெனச்சேன். நாமளாவது முடிச்சுக் குடுக்கலாமேன்னு தோணித்து" என்றாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அந்த ருஷ்யாக்காரருடைய பெரிய படைப்பு ஒன்று நிஜமாகவே பாதியில் நின்றுபோய், செத்த பிறகு நண்பர்கள்தான் முடித்து வைத்தார்களாம். மறுநாள் காலையில் அத்தை வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "ருஷ்யாக்காரன் பாட்டை முடிச்சுக் குடுத்தது நம்மாத்து மாட்டுப்பொண்ணாக்கும், கேட்டேளா!"

இன்று அந்தப் பின்கட்டு அறை வழக்கம் போய்விட்டது, போனதே நல்லது. கிராமபோன் போயிற்று, அம்மாவும் போய்விட்டாள். போன மாதம் என் மகள் அலைபேசியில் அந்த இசையை முழுவதுமாகப் போட்டுக் காட்டினாள். ருஷ்யாக்காரர் நன்றாகத்தான் முடித்திருக்கிறார். அவருடைய முடிவை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அம்மாவின் முடிவை யாரும் பதிந்து வைக்கவில்லை. அதைக் கேட்டவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கர்வம் உண்டு.