ஸ்தாமெனின் மந்தையும் ரூமியானாவின் கத்தியும்

ஈரலைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ரூமியானா ஜன்னலுக்குப் போய்விடுவார். தலைக்கு மேல் விளக்கு எரிந்தாலும் அவருக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். சாய்த்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கத்தி.

எங்கள் கால்நடை ஆய்வகத்தில் எல்லா நோய்க்கும் அவர் வைத்தது தின்பண்டப் பெயர்தான். அழுகிய அத்தி, திரிந்த தயிர், வேகாத கேக். மதியம் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸாவைக் கடித்துக்கொண்டே அவர் ஆரம்பித்தால் நான் என் தட்டோடு வராந்தாவுக்கு ஓடிவிடுவேன். "பேச்சுக்குமாடி நாத்தம்?" என்று பின்னாலேயே குரல் வரும்.

தலைநகர் சோபியாவில் வேலை பார்த்தவரை அவர் ஆராய்ந்தது ஒன்றைத்தான்: ஒரே நஞ்சு செம்மறியை ஒருவிதமாகவும் வெள்ளாட்டை வேறுவிதமாகவும் ஏன் தாக்குகிறது? இதனால் யாருக்குப் பயன் என்று மேலதிகாரிகள் கேட்டபோது, எங்கள் மெல்னிக் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

போன ஜூனில், பக்கத்து ஊர் மேய்ப்பன் ஸ்தாமெனின் செம்மறிகள் கண் மஞ்சளித்து, சிவப்பு ஒயின் நிறத்தில் மூத்திரம் பெய்து விழத் தொடங்கின. மாவட்ட அதிகாரி பட்டிக்குச் சீல் வைத்தார். தொற்று என்று நாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மந்தை முழுவதையும் கொன்று குழிக்குள் போட்டுவிடுவார்கள். ஊரில் யாரும் ஸ்தாமெனின் பாலாடைக்கட்டியைத் தொடவில்லை. செத்த ஆடு ஒன்றை எங்கள் மேசையில் கிடத்திவிட்டு, அவன் அதிகாரியோடு நடையில் நின்றான்.

சிறுநீரகம் துப்பாக்கிக் குழல் போல நீலக் கறுப்பாக இருந்தது. ரூமியானா அதற்குத் தின்பண்டப் பெயர் எதுவும் சொல்லவில்லை. நேரே வெளியே போனார்.

"ஸ்தாமென், வெள்ளாடு வச்சிருக்கியா?"

"நாலஞ்சு இருக்கு, டாக்டரம்மா. அதுங்க கல்லு மாதிரி நிக்குதுங்க."

"எங்க மேய்க்கறே?"

"எல்லாம் ஒண்ணாத்தான், மச்சான் திராட்சைத் தோட்டத்துல. களையைத் தின்னுட்டுப் போகட்டும்னு அவனே விடச் சொன்னான்."

"மருந்தடிச்சானா?"

"மயில்துத்தம். எல்லாரும் அடிக்கறதுதானே."

"அது செம்புப்பா. வெள்ளாடு தாங்கிக்கும். செம்மறி ஈரல்ல சேத்துச் சேத்து வச்சு, ஒருநாள் மொத்தத்தையும் ரத்தத்துல கொட்டிடும்."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "டாக்டர், ஊகத்தை வச்சு நான் சீலை எடுக்க முடியாது."

"யார் ஊகிக்கச் சொன்னா? அளந்து தரேன்."

அளந்தோம். ஈரலில் இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு செம்பு. தொற்றுக் கிருமிக்கான சோதனைகள் ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்றே வந்தன. கடைசி முடிவைப் பார்த்ததும் ரூமியானா என்னைத் தோளோடு இழுத்து அணைத்துக்கொண்டார். அதிகாரியே ஸ்தாமெனுக்குப் போன் செய்து, இனி அந்தத் தோட்டத்துப் பக்கமே மந்தையை விடக்கூடாது என்றார். மருந்து கொடுத்தும் சில ஆடுகள் போயின. மற்றவை எல்லாம் எழுந்து நின்றன.

சீல் பிரிக்கிற அன்று பட்டிக்கு நாங்களும் போனோம். ஒதுங்கியிருந்த ஊரே வந்து நின்றது. கையில் ராக்கியா சாராயப் போத்தல்கள்.

"மச்சானை என்ன பண்ணலாம், டாக்டரம்மா?" என்றான் ஸ்தாமென்.

"இனிமே களையை அவனே பிடுங்கட்டும்."

சிரிப்பு அடங்குமுன் கதவு திறந்தது. செம்மறிகள் முட்டிமோதிக்கொண்டு வெளியே வந்தன. ரூமியானா பையிலிருந்து கையுறையை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே போட்டார். கடந்து போன ஒரு செம்மறியின் சூடான கம்பளிக்குள் வெறுங்கையை மணிக்கட்டு மறையும்வரை விட்டு, அது ஓடிய ஓட்டத்திலேயே அவரும் கூட ஓடினார்.