சத்தியநேசன் தனியாக ஓடவில்லை

கண்டக்டர் சத்தியநேசன் திங்கட்கிழமை காலை காலமானார். எனக்கு முதலில் சொன்னவர் அவருடைய மனைவி லீலாபாய். பாறசாலை சந்திப்பிலுள்ள டெலிபோன் பூத்திலிருந்து ஏழே காலுக்குப் பேசினார். மாரடைப்பு என்பதை ஒன்பது மணிக்கு நெய்யாற்றின்கரையில் அவரைப் பரிசோதித்த டாக்டர் உறுதிசெய்தார். காலை ஓட்டம் முடிந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவும்போது சரிந்திருக்கிறார்.

"சாரே, அவிய போயிட்டாவ," என்றார் லீலாபாய். பூத்துக்கு வெளியே ஒரு பஸ் இரண்டு மணி அடித்துக் கிளம்புவது கேட்டது. பிறகு, "ஒரு கவரு உண்டு. உங்க பேராக்கும் எழுதியிருக்கு. அடக்கம் முடிஞ்சு வாங்கிட்டுப் போங்க," என்றார்.

டெப்போவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், பள்ளி மைதானத்தில் அவர் ஓடியதைப் பார்த்தவர்களுக்கும் அவரைத் தெரியும். அவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் என் குறிப்பேட்டில் இருக்கின்றன.

பாறசாலையிலிருந்து நான் எழுதும் செய்திகள் நாகர்கோவில் பத்திரிகை அலுவலகத்துக்கு பஸ்ஸில்தான் போகும். கவரில் போட்டு, மேலே 'நியூஸ், அவசரம்' என்று எழுதி மாலை பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பேன். மாநில எல்லையான களியக்காவிளையில் அவர் அதைத் தமிழ்நாட்டு பஸ்ஸுக்கு மாற்றிவிடுவார். பதினொரு வருடம் அந்த வேலையைச் செய்தவர் சத்தியநேசன். ஒரு கவர்கூடத் தொலைந்ததில்லை. "இண்ணைக்கு ஆரு செத்தா சாரே?" என்று கேட்டுக்கொண்டே வாங்குவார். கவர் மெலிந்திருந்தால், "ஊரு நல்லா இருக்கு போல," என்பார்.

ஒரு நாள் கவரை வேறொரு கண்டக்டர் கொண்டுபோனார். அதில் இருந்தது சத்தியநேசனின் பஸ்ஸில் நடந்த விபத்து.

காரோடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு நிறுத்தம், உச்சி வேளை. கடற்கரையிலிருந்து வரும் மீன்காரி திரேசம்மா, மீன் இருந்த சருவத்தைப் பின்வாசல் வழியாக முதலில் தரையில் இறக்கி வைத்தார். வாய் அகன்ற அந்த அலுமினியப் பாத்திரத்தை இறக்கிவிட்டுத்தான் மீன்காரிகள் இறங்குவார்கள். அவர் காலை எடுத்து வைக்குமுன் இரண்டு மணி அடித்துவிட்டது. ஒரு மணி என்றால் பஸ் நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். "ஆளெறங்கணும்!" என்று அவர் கத்தியது பயணிகளுக்குக் கேட்டது. டிரைவருக்குக் கேட்டது மணி மட்டும். பஸ் கிளம்பியதில் படியிலிருந்து விழுந்த திரேசம்மா அன்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்தார். சருவம் மூடியபடியே சாலையோரத்தில் இருட்டும்வரை இருந்தது.

மணிக்கயிறு பஸ்ஸின் நீளத்துக்கும் ஓடுகிறது. கண்டக்டர் முன்பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பயணி இழுத்திருக்க வேண்டும். விசாரணை இப்படி முடிந்தது. நானும் அப்படியே எழுதினேன். 'இறங்கும் அவசரத்தில்' என்ற சொற்களை விசாரணையில் யாரும் சொல்லவில்லை. அவை நான் சேர்த்தவை.

சில மாதங்கள் கழித்து, ரப்பர் ஷீட் கடைக்கு மேலே இருக்கும் என் அறைக்கு சத்தியநேசன் ஏறி வந்தார். வெளிநாடுகளில் ஒரு நாள் முழுவதும் ஓடுகிறவர்களைப் பற்றி எங்கள் பத்திரிகையில் வந்த துண்டுச் செய்தி கையில் இருந்தது.

"இது உள்ளதுதானா சாரே? இருவத்தி நாலு மணிக்கூறும் ஓடுவானா?"

"ஓடுவாங்க. நடுவுல நடக்கலாம், சாப்பிடலாம். வட்டத்த விட்டுப் போகக் கூடாது."

"ஒருத்தன் தனியா ஓடுதான். கூட வேற ஆளு வந்தா கணக்குலயிருந்து தள்ளிருவாவளா?"

"எந்த ஆளு?"

"சும்மா கேட்டேன்," என்றார்.

இரண்டு வருடம் பயிற்சி நடந்தது. டூட்டி இல்லாத நாட்களில் பாறசாலையிலிருந்து ஒற்றசேகரமங்கலம் வழியாக அம்பூரி ஏற்றம்வரை ஓடித் திரும்புவார். கால் வீங்கும் என்பதால் இரண்டு அளவு பெரிய கேன்வாஸ் ஷூ போடுவார். தொடை உராயாதிருக்கத் தேங்காயெண்ணெய். ஐம்பது நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் நடை. வீட்டுக்கு வந்ததும் அன்றைய ஓட்டத்தைப் பழைய வேபில் தாளில் எழுதுவார். எந்த நிறுத்தத்தில் பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கண்டக்டர்கள் எழுதும் தாள் அது. ஊர், நேரம், கடைசிக் கட்டத்தில் ஆள் எண்ணிக்கை. அந்தக் கட்டத்தில் எப்போதும் ஒன்று என்று இருக்கும். ஓடுகிறவர் ஒருவர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாட்கள் நான் சைக்கிளில் பின்னால் போனேன். நான்காவது தடவைதான் பூனைகளைக் கவனித்தேன். கடற்கரை ஊர்களில் மீன்காரியின் கூவல் கேட்டால் மதில்மேல் பூனைகள் வந்துவிடும். ஒற்றசேகரமங்கலமோ ரப்பர் ஊர். அங்கே சத்தியநேசன் கடந்துபோகும்போது பூனைகள் மதில்மேல் ஏறி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவரை அவை பார்க்கவில்லை. அவருக்கு ஓரடி பின்னால், தலைச்சுமை இருக்கும் உயரத்தில் பார்த்தன. நான் இருபதடி தள்ளி வந்துகொண்டிருந்தேன். என்னையும் அவை பார்க்கவில்லை. குறிப்பேட்டில் 'பூனை, ஏழு' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அதே சாலையில் தங்கையன் என்பவரின் டீக்கடை உண்டு. ஒரு நாள் சத்தியநேசன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைத் தளர்த்தியபோது, வாசலில் ஒரு பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் கேட்டது. தங்கையன் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய், வெறும் சட்டியோடு திரும்பினார்.

"மீன்காரி வந்தாண்ணுல்லா நெனச்சேன். எங்க போனா?"

"இந்த மலையில இந்நேரம் ஏது மீன்காரி?" என்றேன்.

"சருவம் எறக்குன சத்தம் கேட்டுதே. எனக்கென்ன, செவி பொட்டா?"

சத்தியநேசன் டம்ளரைக் கீழே வைத்தார். "சருவந்தான் எறங்கியிருக்கு அண்ணா. ஆளு எறங்கல்ல."

தங்கையன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓடி ஓடி தல சூடாயாச்சு. ஒரு நாரங்கா வெள்ளம் கலக்கட்டா?" என்று ஒரு எலுமிச்சையை எடுத்தார்.

ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு நான் அனுப்பிய செய்தியை சத்தியநேசனே கொண்டுபோனார். மறுநாள் அது 'தன்னந்தனியாக 24 மணி நேரம் ஓடுகிறார் கண்டக்டர்' என்ற தலைப்பில் வந்தது. அன்று மாலை பத்திரிகையோடு படியேறி வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"தனியா எண்ணு ஆரு சாரே சொன்னா?"

"கூட யாரும் ஓடலியே, நேசன்."

"நீங்க பாத்தியளாக்கும்? திருத்தம் போடணும்."

"என்னன்னு போட?"

பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஓடி முடிக்கட்டு. பொறவு சொல்லுதேன், எதப் போடணும்ணு."

வெயிலுக்கு முன்பே, விடியலில் தொடங்குவது நல்லது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. "உச்சைக்குத் தொடங்கி உச்சைக்கு முடிக்கணும் சாரே," என்றார். அப்படியே பள்ளி மைதானத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. டெப்போ நண்பர்கள் முறைவைத்து வட்டங்களை எண்ணினார்கள். இரவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடினார், நடந்தார், உப்பிட்ட கஞ்சி குடித்தார்.

மறுநாள் பதினொன்று நாற்பதுக்கு அவர் வட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டார். மைதானத்து மதிலில் அப்போது மூன்று பூனைகள் இருந்தன.

"எலே நேசா, நிக்காத! இருவது மினிட்டுதான் உண்டு!"

"மக்கா, வெள்ளம் வேணுமா?" டெப்போ நண்பர்கள் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்கள்.

அவர் பள்ளி மணிக்காக மாமரத்தில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை ஒரு தடவை அடித்தார். பிறகு பின்னால் திரும்பி, படியிறங்குகிறவருக்குக் கை கொடுப்பதுபோல வலது கையை நீட்டினார்.

"பைய எறங்குங்க அக்கா. அண்ணைக்கு பெல்லு அடிச்சது நானாக்கும். சருவம் எறங்குன சத்தம் கேட்டுது. ஆளும் எறங்கியாச்செண்ணு நெனச்சிட்டேன். பொறவு, நான் இல்லண்ணு சொல்லிட்டேன்."

என் கைக்கடிகாரத்தில் நாற்பது விநாடி ஆகியிருந்தது. அதுவரை கையைத் தாழ்த்தவில்லை. பிறகு இரண்டு தடவை அடித்துவிட்டு ஓடினார். பூனைகள் மதிலின் வெளிப்பக்கம் குதித்துப் போய்விட்டன. பன்னிரண்டு மணிக்கு ஓட்டம் முடிந்தது, மாலை போட்டார்கள். உடம்பில் உப்பு குறைந்தால் இப்படிப் பிதற்றுவதுண்டு என்று அங்கிருந்த மருந்துக்கடைக்காரர் சொன்னார். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அன்று மாலை வெந்நீர் வாளிக்குள் கால்களை வைத்திருந்தபடி, "இனி போடுங்க சாரே, திருத்தம்," என்றார் என்னிடம். முதலில் கால் சரியாகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓட்டத்தைப் பற்றி மட்டும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து, டூட்டி உடையிலேயே என் அறைக்கு வந்து மறுபடியும் கேட்டார்.

"ரிட்டயர் ஆக ரெண்டு வருஷந்தான் இருக்கு, நேசன். இப்ப இது அச்சுல வந்தா வேலையும் போகும், பென்ஷனும் போகும். அதுவரைக்கும் பொறுங்க."

"அதுவர அந்த அக்கா எங்க நிக்கணும் சாரே?"

அவர் படியிறங்கிப் போனார். அதன் பிறகும் கவர்களைக் கொண்டுபோனார். யார் செத்தது என்று மட்டும் கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்ததும் லீலாபாய் கவரையும் வேபில் கட்டையும் எடுத்துக்கொடுத்தார். முற்றத்திலேயே தாள்களைப் புரட்டினேன். பயிற்சி நாட்கள் எல்லாவற்றிலும் ஒன்று. மைதான ஓட்டத்துக்குப் பின் வந்த மூன்று தாள்களில் பூஜ்யம்.

"ஓடினது இவர்தானே. அப்புறம் ஏன் பூஜ்யம் போட்டிருக்காரு?"

"கண்டக்டரு தன்ன எண்ண மாட்டாரு சாரே," என்றார் லீலாபாய். "ஏறின ஆளத்தான் எண்ணுவாரு."

நான்காவது தாளில் மறுபடியும் ஒன்று. கடைசித் தாள்வரை ஒன்றுதான். நான்காவது தாளின் தேதியை வீட்டுக்கு வந்து குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தேன். அவரைப் பொறுக்கச் சொல்லி நான் திருப்பி அனுப்பியதற்கு மறுநாள் அது.

கவர், நான் செய்தி அனுப்பும் பழைய கவர்தான். 'நியூஸ், அவசரம்' என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே மூன்றே வரி: 'மணி அடித்தது நான். திரேசம்மா அவசரப்படவில்லை. சருவத்தை இறக்கி வைத்துவிட்டு முறையாகத்தான் இறங்கினார்.' கீழே கையொப்பம், டெப்போவில் அவருடைய எண்.

புதன்கிழமை கடற்கரைக்குப் போய் திரேசம்மாவின் மகள் ஸ்டெல்லாவிடம் கடிதத்தைக் காட்டினேன். அவரும் இப்போது மீன் விற்கிறார். இரண்டு தடவை படித்தார்.

"எங்கம்ம ஓடுத பஸ்ஸுல இருந்து சாடினாண்ணுல்லா இதுவர ஊரு சொல்லுது. நீங்க எழுதினதாக்கும் அது. இதயும் எழுதுங்க."

சத்தியநேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பவை மூன்று பூஜ்யத் தாள்கள், நான் பதில் சொல்லாத கேள்வி, பஸ்ஸில் இரண்டு மணி கேட்டால் பின்வாசலைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம். அவ்வளவுதான்.

திருத்தத்தைப் புதன் மாலை பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டேன். 'தன்னந்தனியாக' என்ற சொல்லையும் அதில் திருத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இதழில் வரும் என்று நாகர்கோவிலில் சொல்லியிருக்கிறார்கள். இன்று வெள்ளி. கவரை வாங்கி வந்த நாளிலிருந்து என் அறைக்கு ஏறும் படிகளில் இரண்டு பூனைகள் உட்கார்ந்திருக்கின்றன. நான் இறங்கும்போது வாலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கின்றன. என்னைப் பார்ப்பதில்லை. எனக்கு ஓரடி பின்னால், தலைச்சுமை இருக்கும் உயரத்தில் பார்க்கின்றன. ஞாயிறு இதழ் பாறசாலைக்கு முதல் பஸ்ஸில், காலை ஐந்தரைக்கு வரும்.