இல்லாத டேப்பைத் தேடிய கர்னல்

எண்பதுகளின் நடுவில், புதுச்சேரி தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. செய்வது என்றால், போர்டுகள் வெளியிலிருந்து வரும். எங்கள் கொட்டகையில் சிப்புகளைப் பற்றவைத்து, பெட்டியில் மாட்டி, ஓட்டிப் பார்த்து அனுப்புவோம். பற்றவைக்கும் மேசைகளில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏசி போட்ட கண்ணாடி அறையில் நானும், திரையும் விசைப்பலகையும் சேர்ந்த ஒரு டெர்மினலும். கணக்கில் எம்.எஸ்சி. முடித்திருந்தேன். மூலக்குளத்திலிருந்து தினமும் சைக்கிளில் வந்துபோவேன்.

அந்த மெஷின்களில் ஓடிய இயங்குதளத்தை எங்கள் முதலாளி பிரான்ஸில் ஒரு சிறு கம்பெனியிடமிருந்து, நாங்களே திருத்திக்கொள்ளும்படி மூல நிரலோடு வாங்கியிருந்தார். அதன் மையமான பகுதிக்குக் கர்னல் என்று பெயர். மெஷினைப் போட்டதும் மெமரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அணைக்கும்வரை இறங்காமல் இருப்பது அதுதான். டிஸ்க், டெர்மினல், பிரிண்டர் என்று ஒவ்வொரு சாதனத்தோடும் பேசுவதற்கு அதற்குள் ஒரு தனி நிரல் உண்டு. அதை டிரைவர் என்போம். எதை யார் வாங்கினாலும் சரி, எல்லா மெஷினுக்கும் எல்லா டிரைவரும் அடங்கிய ஒரே கர்னலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். அதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. நானும்தான்.

வீராம்பட்டினம் போகும் வழியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி எங்களிடம் இருப்பதிலேயே சிறிய மெஷினை வாங்கியிருந்தது. ஒரு டிஸ்க், மூன்று டெர்மினல். அவர்களுடைய கணக்குப்பிள்ளை ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"ரெண்டு பேர் உக்காந்தா நல்லா ஓடுது மேடம். மூணாவது ஆள் உக்காந்தான்னா டிஸ்க்கு கரகரன்னு அரைக்கிது. ஒரு எழுத்து தட்டிட்டு டீ குடிச்சிட்டு வரலாம்."

மெமரி போதவில்லை என்பது கேட்டதுமே புரிந்தது. இடம் இல்லாததால் மெஷின் ஒருவர் வேலையை டிஸ்க்கில் இறக்கி வைத்துவிட்டு இன்னொருவர் வேலையை ஏற்றுகிறது. பிறகு அதை இறக்கி இதை ஏற்றுகிறது. கூடுதல் மெமரி போர்டு போடலாம் என்றால், அதற்கான சிப்புகள் எப்போது வரும் என்று முதலாளிக்கே தெரியவில்லை.

அவர் போன பிறகு கர்னலின் அளவைப் பிரித்துப் பார்த்தேன். எந்தப் பகுதி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மெஷினே சொல்லும். தகவலை நாடாவில் பதிந்துவைக்கும் டேப்புக்கு ஒரு டிரைவர் இருந்தது. அவர்களிடம் டேப் கிடையாது. பெரிய தாளில் வரைபடம் போடுகிற பிளாட்டருக்கும் ஒரு டிரைவர் இருந்தது. பிளாட்டரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இறால் கம்பெனியில் அதற்கு என்ன வேலை? வேண்டாததையெல்லாம் எடுத்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

ஒரே ஒரு சிறு கோப்பு எழுதினேன். அதில் ஒரு வரிக்கு ஒரு டிரைவர். பெயருக்குப் பக்கத்தில் ஒன்று என்று போட்டால் கர்னல் கட்டும்போது அது சேரும். சைபர் போட்டால் சேராது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நிரல் முழுக்க ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், எங்கெங்கே யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பிரிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நடுநடுவே பிரெஞ்சில் குறிப்புகள் வேறு. பற்றவைக்கும் மேசையில் இருந்த அக்கா ஒருவருக்கு பிரெஞ்சு தெரியும். அவர்கள் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். அவருடைய அண்ணன் பிரான்ஸில் ராணுவத்தில் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அக்காவைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிவந்து திரையைக் காட்டினேன்.

"அ வுவார்னு போட்டிருக்கு. அப்புறம் பாக்கலாம்னு அர்த்தம்."

"இதுக்கு?"

"இதுவும் அதேதான். கீழ இருக்குதே, அதுவும் அதேதான்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுதுனவன் எதத்தான் அப்பவே பாத்தான்?"

பிளாட்டருக்குச் சைபர். டேப்புக்குச் சைபர். கர்னல் கட்டி, எங்கள் மெஷினில் ஏற்றினேன். பழுதில்லாமல் எழுந்தது. மிச்சமான இடத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். மறுநாள் ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு இறால் கம்பெனிக்குப் போனேன்.

அங்கே எழவில்லை. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. அணைத்துப் போட்டேன். எழுந்தது. மறுபடி அணைத்துப் போட்டேன். எழவில்லை. பழைய கர்னலைப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக எழுந்தது. கணக்குப்பிள்ளை எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். ஐஸ் வாடையும் இறால் வாடையும் அடிக்கும் அந்த அறையில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் டிஸ்க் டிரைவரைத் தொடவே இல்லை. டேப்பை எடுத்தால் டிஸ்க் ஏன் நோக வேண்டும்?

அவர்களிடம் இருந்ததைப் போன்ற டிஸ்க் ஒன்று எங்கள் ஸ்டோரில் இருந்தது. எங்களுடையதைவிடப் பழைய மாடல். அதை என் மெஷினில் மாட்டியதும் அதே கோளாறு வந்தது. சந்தோஷமாக இருந்தது. கோளாறு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, டிஸ்க் டிரைவருக்குள் 'இங்கே வந்தேன்', 'இதைத் தாண்டினேன்' என்று திரையில் எழுதும் வரிகளைச் சேர்த்தேன். கோளாறு காணாமல் போய்விட்டது. வரிகளை எடுத்தேன். திரும்ப வந்தது. மறுபடி சேர்த்தேன். போய்விட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, நீயே பேசிக்கிற?"

"அக்கா, நான் பாத்தா ஒழுங்கா இருக்குது. பாக்கலைன்னா கெட்டுப்போவுது."

"பாத்துக்கிட்டே இரு அப்ப," என்று சொல்லிவிட்டுத் தன் போர்டுக்குத் திரும்பினார்.

நான் சேர்த்த வரிகள் உண்மையில் செய்ததென்ன? எழுத்துகளை டெர்மினலுக்கு அனுப்பின. டெர்மினல் மெதுவாகத்தான் வாங்கும். அதாவது அவை கொஞ்ச நேரத்தைச் செலவழித்தன. அவ்வளவுதான். அது உறைத்ததும் ஏசியை அணைத்துவிட்டு, டிஸ்க்கின் மேல் காதை வைத்துக்கொண்டு மெஷினைப் போட்டேன். டிஸ்க்கைப் படிக்கும் முள் உள்ளே நகரும் சத்தம் 'டிர்ர்ர்' என்று நீண்டது. அது அடங்குவதற்கு முன்பே திரையில் பிழை வந்துவிட்டது.

பிறகு டேப் டிரைவரைத் திறந்து பொறுமையாகப் படித்தேன். அது எழுந்ததும் முதல் வேலையாக டேப்பைத் தேடும். 'இருக்கிறாயா?' என்று கேட்கும். பதில் வராவிட்டால் காத்திருந்து மறுபடி கேட்கும். இப்படிச் சில முறை கேட்டுவிட்டு, இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பேசாமல் போய்விடும். கர்னலில் அது டிஸ்க் டிரைவருக்கு அடுத்தபடியாக ஓடியது. டிஸ்க் டிரைவரோ முள்ளை முதல் இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதே இல்லை. இல்லாத டேப்பை அடுத்தவன் தேடிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் முள் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. தேடுகிறவனை நான் எடுத்துவிட்டேன். புது டிஸ்க்கின் முள் வேகமாக நகர்வதால் அதில் கோளாறு தெரியவில்லை.

டிஸ்க் தயாரா என்று கேட்டு, தயாராகும்வரை நிற்கும்படி டிஸ்க் டிரைவரிலேயே நாலு வரி சேர்த்தேன். அதற்கப்புறம் டேப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இறால் கம்பெனியில் மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பார்த்தோம். டிஸ்க் அரைக்கவில்லை. கணக்குப்பிள்ளை தன் டெர்மினலில் ஒரு பக்கம் முழுவதும் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"எத்த மாட்னீங்க மேடம்?"

"ஒண்ணும் மாட்டல. எடுத்தேன்."

அவர் நம்பவில்லை. பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு, மெஷினில் என்ன இருக்கிறதோ அதற்குத் தகுந்த கர்னலைக் கட்டி அனுப்புவது எங்கள் வழக்கமாயிற்று. முதலாளி ஒருநாள் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் சைபர் போட்டா என்ன ஆவும்?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது மண்டையில் ஏறிவிட்டது.

டிஸ்க் இல்லாமல் எழவே எழாது. அதற்கு மட்டும் ஒன்று போட்டுவிட்டு, டெர்மினல் உட்பட மீதி எல்லாவற்றுக்கும் சைபர் போட்டுக் கட்டினேன். அதுவரை நான் கட்டியதிலேயே மிகச் சிறிய கர்னல். மெஷினைப் போட்டேன். டிஸ்க் உறுமிவிட்டு அமைதியானது. திரை இருட்டாக இருந்தது. தட்டினால் எதுவும் போய்ச் சேரவில்லை.

அக்கா உள்ளே வந்தார். "செத்துப்போச்சா?"

"தெரியல."

இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். டிஸ்க்கின் முகப்பில் இருந்த சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கியது. அரை நிமிஷம் கழித்து மறுபடி மினுக்கியது. மெமரியில் இருப்பதை அவ்வப்போது டிஸ்க்கில் எழுதிவைக்கும் நிரல் ஒன்று எங்கள் இயங்குதளத்தில் உண்டு. கேட்க யாரும் இல்லாத நேரத்திலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"உள்ள இருக்குது," என்றேன்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த மினுக்கலுக்காகக் காத்திருந்தோம்.