பெரியப்பாவின் கறுப்பு மீசை

மாதம் ஒருமுறை தலைக்கு டை அடிக்க உட்காரும்போது பெரியப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. நான் அடிப்பது ஊராருக்காக. அவர் அடித்ததற்கு ஒரு காரியம் இருந்தது.

பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வருஷா வருஷம் அலுவலகத்துக்கு நேரில் போய், தாம் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்கி வர வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும், பெரியம்மாவின் மருந்தும் நின்றுவிடும். பெரியம்மாவுக்கு அப்போது ஞாபகம் பிசகத் தொடங்கியிருந்தது. சுவரில் இருந்த, பெரியப்பாவின் இளவயதுப் பட்டாளத்துப் படத்தோடு மணிக்கணக்கில் பேசுவாள். நரைத்த பெரியப்பா உள்ளே வந்தால் யாரோ கிழவன் என்று பயந்து கதவைத் தாழிட்டுக்கொள்வாள்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், பெரியப்பாவின் தலையும் மீசையும் ஒரே நாளில் கறுத்துவிட்டன. கிழவனுக்கு ஆசை திரும்பிவிட்டது என்று உப்பளம் பகுதியில் எங்கள் தெருவே சிரித்தது. வயசான காலத்தில் இதென்ன கோலம் என்று அம்மாவும் முணுமுணுத்தாள். அவரோடு தெருவில் நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த முறை சான்று வாங்கத் துணைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பென்ஷன் அட்டையில் இருந்த நரைத்த படத்தைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "அண்ணன் நேர்ல வரணுங்க. தம்பி வந்தா ஆவாது" என்றார்.

தாம்தான் அந்த அண்ணன் என்று பெரியப்பா தமிழிலும் பிரெஞ்சிலும் சொல்லிப் பார்த்தார். உதவுவதாக நினைத்துக்கொண்டு, அவர் டை அடித்திருக்கிறார் என்று நான் போட்டு உடைத்தேன். வரிசையே சிரித்தது. மேசைக்காரர் நல்லவர். அடுத்த மாதம் நரையோடு வந்தால் உடனே முத்திரை போடுவதாகவும், இல்லையென்றால் புதுப் படம், பழைய காகிதங்கள், தெரிந்த இருவர் கையெழுத்து எல்லாம் வேண்டும் என்றும் சொன்னார்.

"நரையோட வர முடியாது தம்பி" என்றார் பெரியப்பா. மூன்று நாள் வெயிலில் அலைந்து அத்தனையும் திரட்டினார். கிழவருக்கு இவ்வளவு வீம்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முத்திரை விழுந்த அன்று வீடு திரும்பினோம். பெரியம்மா கதவைத் தாழிடவில்லை. வாசல் வரை வந்து, அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்ப வந்தீங்க? லீவு எத்தினி நாளு?"

"இந்த வாட்டி திரும்பிப் போவல" என்றார் பெரியப்பா.

பட்டாளத்தை விட்டு இருபது வருஷம் ஆனவர் இப்படிக் கூசாமல் புளுகுகிறாரே என்று நேராக ஓடி அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பொய் சொன்னவர் அவர், அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.