மடுல்சீமை மீன் தொட்டியும் என் பொய்ப் படமும்

போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையிலிருந்து மடுல்சீமைக்குப் போய்வந்தேன். வழக்கமாக இங்கே அருவி, மலை உச்சி, மலிவான சாப்பாட்டுக் கடை என்றுதான் எழுதுவேன். இந்த முறை போனது ஒரு மீன் தொட்டியைப் பார்க்க. நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கூச்சமாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், வீட்டில் மீனையும் கீரையையும் சேர்த்து வளர்ப்பது பற்றி ஒரு பதிவு போட்டிருந்தேன். கீழே ஒரு நீலப் பெரலில், அதாவது பிளாஸ்டிக் பீப்பாயில், மீன், மேலே சல்லிக்கல் நிரப்பிய தட்டில் கீரை. மீன் கழிவு கலந்த தண்ணீரைச் சின்ன மோட்டார் ஒன்று மேலே ஏற்றும். அந்தக் கழிவே கீரைக்கு உரம். சுத்தமான தண்ணீர் திரும்பவும் மீனுக்கு வரும். மண்ணே வேண்டாம். பதிவின் கடைசியில், செழிப்பான சலாதுக் கீரைச் செடி ஒன்றை வேரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் பல்லைக் காட்டும் படம். அந்தச் சலாது பண்டாரவளைச் சந்தையில் வாங்கியது. என் மீன்கள் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தன. ஆட்கள் ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோற்றுப்போனேன் என்று சொல்ல மனம் வரவில்லை.

அதைப் பார்த்துத் தொட்டி வைத்தவர்களில் ஒருவர் மலர்விழி. மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார், அங்கேயே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருக்கிறார். கணவர் கொழும்பில் வேலை. ஆகஸ்டில் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. “நானா, எங்க லயத்துல எட்டு வீட்டுக்கும் ஒரே பைப்புங்க. வெயிலுக்குத் தண்ணியும் கொறஞ்சு போச்சு. எல்லாத் தண்ணியையும் என் தொட்டிதான் குடிக்குதுன்னு எடுக்கச் சொல்றாங்க. ஞாயித்துக்கெழம கூட்டம். நீங்க ஒருக்கா வந்து சொன்னா கேப்பாங்க. நீங்க வெவரம் தெரிஞ்சவரு.”

மலைநாட்டில் எங்கள் முஸ்லிம் ஆண்களை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அது பழகியது. ‘வெவரம் தெரிஞ்சவரு’தான் எனக்குத் தலைக்கேறியது. ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருக்கலாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலை 6.10க்குப் பண்டாரவளையில் பஸ். பதுளைக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 7.20க்கு இறங்கினேன். 7.45க்குப் பசறை வழியாக மடுல்சீமை பஸ், 230 ரூபாய். பசறை வரை பாதை பரவாயில்லை. பஸ் அங்கே பத்து நிமிடம் நிற்கும், ஒரு பிளேன்டீ குடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்வது நல்லது. இடது பக்கம் உட்கார்ந்தால் மலைகள் நன்றாகத் தெரியும். நான் இடது பக்கம்தான் உட்கார்ந்தேன். ஆனால் கூட்டத்தில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்ததில் பாதி மலைகளைக் கவனிக்கவில்லை.

பத்து மணிக்குச் சற்று முன் மடுல்சீமை டவுன். அங்கிருந்து தோட்டத்துக்கு 6 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 900 ரூபாய். பாதையைப் பார்த்தால் அது நியாயமான காசுதான்.

“எங்கங்க நானா?” என்றார் டிரைவர்.

“மீன் தொட்டி பார்க்க.”

“மீனு பாக்க மலையேறி வந்த மொத ஆளு நீங்கதான்! மீனு கெடைக்கிற மட்டக்களப்பு பஸ்ஸு வேற பக்கமுங்க.” சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “மலரக்கா வீடுதானே? மூணு வாட்டியும் பதுளையிலருந்து குஞ்சு கொண்டாந்து குடுத்தது நாந்தான். மொத ரெண்டு வாட்டியும் ஒண்ணுகூட மிஞ்சல. பாவம், அந்தக்கா.”

மீன் சாகிறது, என்ன செய்வது என்று மலர்விழி என் பதிவின் கீழ் கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. ‘பொறுமையாக இருங்கள், வெற்றி நிச்சயம்’ என்று நான் பதில் போட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு மீன் படம் வேறு.

லயத்துக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் தொட்டி இருந்தது. கேட்டுக்கொள்ளுங்கள், அது உண்மையிலேயே ஓடுகிறது. தெளிந்த தண்ணீரில் பன்னிரண்டு திலாப்பியா, ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். மேலே கங்குன் கீரை அடர்ந்து தொங்குகிறது. முதல் இரண்டு தடவை நாற்பது குஞ்சு விட்டாராம், என் பதிவில் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் தடவை பன்னிரண்டு மட்டும் விட்டு, ஒரு சிட்டிகைக்கு மேல் தீனி போடாமல், ஓடையில் கிடந்த வழுவழுப்பான கற்களைக் கழுவாமல் கொண்டுவந்து தட்டில் போட்டிருக்கிறார். “கல்லுல இருக்கிற பாசிதான் தண்ணிய சுத்தம் பண்ணுதோன்னு ஒரு ரோசன வந்துச்சுங்க” என்றார். கிட்டத்தட்ட அதேதான். அந்த வழுவழுப்பில் இருக்கும் கிருமிகள்தான் மீன் கழிவின் விஷத்தை உரமாக மாற்றுகின்றன. புத்தகம் படித்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

“ஒங்க வீட்டு மீனு இப்ப எம்புட்டு பெருசுங்க?” என்று ஆசையாகக் கேட்டார்.

“இதைவிடக் கொஞ்சம் பெருசு” என்றேன். நாக்கு கூசவே இல்லை.

பதினொரு மணிக்கு லயத்து இஸ்தோப்பில், அதாவது முன்விறாந்தையில், கூட்டம். எட்டு வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். தோட்டத் தலைவர் நடுவில் நாற்காலியில். தொட்டி இருக்கட்டுமா, இன்றைக்கே எடுப்பதா என்பதுதான் பேச்சு. நான் எழுந்து, சுற்றிவரும் தண்ணீர் வீணாகாது, மலர்விழியின் கணக்குப்படி வாரத்துக்கு இரண்டு வாளி போதும், என் வீட்டில் இரண்டு வருடமாக அப்படித்தான் என்று விளாசினேன். முதல் பாதி உண்மை. தலைவர் தலையாட்டினார். அந்தத் தெம்பில் கைபேசியை எடுத்துச் சலாதுப் படத்தையும் காட்டினேன். அதைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை.

கைபேசி கைமாறிக் கைமாறி ராமாயி அக்காவிடம் போனது. மலர்விழிக்குப் பக்கத்து வீடு. தொட்டியை எடுக்கச் சொல்லி முதலில் குரல் கொடுத்தவரும் அவர்தானாம். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“நானா, இது தண்ணியில வளந்ததுங்களா?”

“ஆமா.”

“அப்ப வேர்ல எப்புடிங்க செம்மண்ணு? மலரு தொட்டியில வேரு பஞ்சாட்டம் வெள்ளையால்ல இருக்கு.”

இலையைக் கழுவிய நான் வேரைக் கழுவவில்லை. இரண்டு வருடமாக அந்தப் படத்தைப் பாராட்டியவர்களில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. செடியும் மண்ணுமாகவே வாழ்கிறவரிடம் கொண்டுபோய் நீட்டினேன் பாருங்கள்.

தலைவர் மலர்விழி பக்கம் திரும்பினார். “என்னம்மா, படங்காட்டுறவரு பேச்ச கேட்டா தண்ணி குடுக்கச் சொல்ற? ஒன் கணக்கு ரெண்டு வாளியும் இப்புடித்தானா?” மலர்விழி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய உண்மையும் என் பொய்யோடு சேர்ந்து மூழ்கிக்கொண்டிருந்தது.

பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். சலாது சந்தையில் வாங்கியது, என் மீன் எல்லாம் செத்துவிட்டது, தொட்டி இப்போது கோழிக்கூட்டுப் பக்கம் கவிழ்ந்து கிடக்கிறது, இங்கே நான் பார்த்த தொட்டிதான் நிஜம், தண்ணீர்க் கணக்கும் நிஜம்.

யாரும் திட்டவில்லை. மலர்விழிதான் நிமிர்ந்து கேட்டார். “எத்தனாவது வாரம் செத்துச்சுங்க?”

“மூணாவது வாரம்.”

“எனக்கும் மூணாவது வாரந்தான். ரெண்டு வாட்டியும்.” அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “என் கைராசிதான் சரியில்லன்னு நெனச்சேன். இங்க எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. அந்த வருசம் அவரக்கா வெதகூட நான் ஊனல. பக்கத்து வீட்டுப் புள்ளைய கூப்புட்டு ஊனச் சொன்னேன். நானா, தெரிஞ்சிருந்தும் எனக்கு ஏன் பொறுமையா இருங்கன்னு எழுதுனீங்க?”

ராமாயி அக்காவின் கையிலிருந்த கைபேசியை வாங்கிப் பையில் போட்டேன்.

ராமாயி அக்கா படக்கென்று எழுந்தார். “கைராசி இல்லாதவன்னு சொன்னவ நாந்தேன்” என்றார், யாரையும் பார்க்காமல். “தலைவரே, தொட்டி இருக்கட்டும். வாரம் ரெண்டு வாளி. நானே என் கையால ஊத்துறேன். மூணாவது வாளி கேட்டா நானே தூக்கி வீசுறேன்.” தலைவர் மற்ற வீட்டுக்காரர்களைப் பார்த்தார். மழை வரும்வரை அப்படியே என்று முடிவானது. மலர்விழி எனக்குச் சோறும் கங்குன் வறுவலும் போட்டார். மரியாதையாகத்தான் போட்டார். நான் தட்டைப் பார்த்தே சாப்பிட்டேன்.

போகிறவர்களுக்கு: மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் பின்னேரம் பஸ் குறைவு. நான் 2.30 பஸ்ஸில் திரும்பினேன், அதற்குப் பிந்த விடாதீர்கள். ஆகஸ்டிலும் குளிராடை வேண்டும். ஆட்டோ டிரைவரின் நம்பரை வாங்கிவைத்தால் திரும்பி வர வசதி. ஆறு வாரம் கழித்து மலர்விழியிடம் விசாரித்தேன். மூன்றாவது வாளி கேட்கவில்லை, தொட்டி அப்படியே இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது.

தொட்டி வைக்கிறவர்களுக்கு: என் பழைய பதிவின் தலையிலேயே அது பொய் என்று எழுதிவிட்டேன். சந்தைச் சலாது படத்தையும் விட்டுவைத்திருக்கிறேன், வேரைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொஞ்சக் குஞ்சோடு தொடங்குங்கள், தீனியைக் குறையுங்கள். நல்ல கிருமிகள் வேர்பிடிக்க ஒன்றரை மாதமாவது ஆகும், குளிர்ப் பக்கத்தில் இன்னும் அதிகம். அந்தப் பதிவின் கீழ், மீன் சாகிறதே என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நான் பொறுமை சொல்லியிருக்கிறேன். இப்போது ஒருவர் விடாமல் அவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சிலர் பதில் போடவில்லை. எல்லோருக்கும் எழுதுவது ஒன்றைத்தான்: உங்கள் கையில் குறை இல்லை, மூன்றாவது வாரம் என்னுடையதும் செத்தது.